அச்சமூட்டுநர்

முந்திரியின் மேல் புகார் வந்திருக்கிறது என்ற செய்தி போனில் வந்தபோது சம்யுக்தா முதலில் வாசல் கதவைத்தான் பார்த்தாள். கணவன் ரித்விக் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. செய்தியை அழித்துவிடலாமா என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது, நாயின் லைசென்ஸ் ரித்விக் பெயரில் இருக்கிறது. அதே செய்தி அவனுக்கும் போயிருக்கும்.

சோபாவுக்கு அடியில் படுத்திருந்த முந்திரி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. நாட்டு நாய். வறுத்த முந்திரிப்பருப்பின் நிறம். அவள் எழுந்தால் அதுவும் எழும், அவள் உட்கார்ந்தால் அதுவும் உட்காரும்.

புகார் கொடுத்தவர் கீழ்வீட்டுத் தணிகாசலம். பொல்லாத மனிதர் ஒன்றும் இல்லை. அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தினமும் சாயங்காலம் மேல்வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது, பச்சைக் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்து அழுகிறது என்று சொல்லியிருந்தார். சொன்னது அத்தனையும் உண்மை. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டதும் முந்திரி வாசலுக்கு ஓடிப்போய்க் குரைக்கத் தொடங்கும். ரித்விக் உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நிறுத்திவிடும். எஜமான் வருகிற சந்தோஷம் என்றுதான் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் நினைத்தார்கள்.

அன்றும் குரைத்தது. ரித்விக் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"முந்திரி நம்ம பேரைக் கெடுத்துருச்சாட்டம் இருக்குதுங்களே கண்ணு," என்றான்.

அவன் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. மனைவியை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவான். அடித்ததும் இல்லை. அவளுடைய முழங்கையின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே மெதுவாகப் பேசுவான். பேசி முடிக்கும்வரை விரலை எடுக்க மாட்டான். சில நாள் பால்கனியில் அவளை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டு, "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய் டி.வி. பார்ப்பான். என்ன யோசிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டான். அதைக் கண்டுபிடிப்பதும் அவள் வேலை.

ஒருமுறை அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். அடித்தாரா என்று கேட்டார்கள். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. கெட்ட வார்த்தை? இல்லை. அப்புறம் என்னதான் செய்கிறார் என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரித்விக்கே வந்து, எல்லோருக்கும் நன்றி சொல்லி அவளை அழைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு நெடுநேரம் அவள் பால்கனியில் நின்றாள்.

மறுநாள் காலை நாய் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எஸ்தர் தேவகிருபை என்று பெயர் சொன்னார். பையிலிருந்து மெல்லிய சாம்பல்நிறப் பட்டை ஒன்றை எடுத்து முந்திரியின் கழுத்தில் கட்டினார்.

"இதோட குரைக்கறது நின்னுருங்களா மேடம்?" என்று கேட்டான் ரித்விக்.

"நிறுத்தாதுங்க. ஏன் குரைக்குதுன்னு சொல்லும். நாடித்துடிப்பு, மூச்சு, தோல்ல சுரக்கிற நீர், எல்லாத்தையும் பார்க்கும். பசியா, விளையாட்டா, கோபமா, பயமான்னு பிரிச்சுக் காட்டும். அந்த நேரத்துல பக்கத்துல யார் இருந்தாங்கன்னு உங்க போனை வச்சுத் தெரிஞ்சுக்கும். நீங்க பேசறது எதையும் பதியாது. சட்டத்துல அதுக்கு இடமில்லை."

"பயம்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"யாரால பயம்னு பார்ப்போம். அவங்களை அச்சமூட்டுநர்னு பதிவு பண்ணுவோம். பேர் எல்லாரும் பார்க்கற மாதிரி இணையத்துல வரும். அவங்க வீட்டை விட்டுப் போகணும்."

"நாயை வெளிய அனுப்பிட்டா சரியாப் போச்சுங்களே?"

"அப்படித்தான் முதல்ல இருந்தது. புகார் வந்தா நாயைக் கொண்டுபோய்க் காப்பகத்துல விடறது. அதுக்குப் பயந்து ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? நாய் வாயைத் திறந்தாலே அடிச்சாங்க. சிலர் விஷம் வச்சாங்க. அப்புறம்தான் சட்டத்தை மாத்தினாங்க. நாய் இந்த வீட்டுக்கு வரணும்னு கேட்டு வரலை. அதனால போக வேண்டியது நாய் இல்லை."

எஸ்தர் இதைச் சொல்லும்போது சம்யுக்தாவைப் பார்க்கவில்லை. முந்திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது சம்யுக்தாவின் காலோடு காலாக ஒட்டி நின்றது.

அவர் போனதும் ரித்விக் சட்டத்தை முழுவதும் படித்தான். பள்ளி வேன்களுக்குப் பாதுகாப்புக் கருவி விற்கும் கம்பெனியில் அவன் பெரிய பொறுப்பில் இருந்தான். அச்சமூட்டுநர் என்று பெயர் வெளியானால் மறுநாள் அந்த நாற்காலி இருக்காது. சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தான். கட்டைவிரல் வழக்கமான இடத்துக்கு வந்தது.

"உங்களுக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்லை. பேர் போனா என்ன ஆயிரும்? நீங்கதான் நாயை அடிக்கறீங்கன்னு சொல்லீருங்க. கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்ல இருங்க. நான் பேசிக் கூட்டிட்டு வந்தர்றேன். எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்."

"நான்தான் அடிச்சேன்."

"எதுல?"

"கையில."

"தோசைக் கரண்டியிலன்னு சொல்லுங்க. கொஞ்சம் வெக்கத்தோட சொல்லோணும். நீங்க என்னமோ கடையில சாமான் கேக்கற மாதிரி சொல்றீங்க."

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த ஒத்திகை நடந்தது. சம்யுக்தாவுக்குச் சொல்லச் சொல்ல, தான் உண்மையிலேயே அடித்திருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. முந்திரியின் முதுகைத் தடவி, தழும்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்றுகூடப் பார்த்தாள்.

பட்டையை ஆராய எஸ்தர் மறுபடி வந்தபோது தன்னுடைய திரையை மேஜையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். மூன்று கோடுகள் ஓடின. ரித்விக் மட்டும் நாயுடன் இருந்த நேரங்களில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. சம்யுக்தா பக்கத்தில் இருந்தபோது ஏறியது. இருவரும் சேர்ந்து இருந்தபோது உச்சிக்குப் போனது.

ரித்விக் நிம்மதியாக மூச்சு விட்டான். இப்படி வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"நான்தான் அடிச்சேன்," என்றாள் சம்யுக்தா. "தோசைக் கரண்டியில. கோவத்துல. எனக்கு வெக்கமா இருக்கு."

எஸ்தர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ரித்விக்கிடம், "அவங்க வாக்குமூலத்தைத் தனியா வாங்கணும். அது விதி," என்று சொல்லிவிட்டு, சம்யுக்தாவைப் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். முந்திரியும் இடுக்கில் நுழைந்து கூடவே வந்துவிட்டது.

"நீங்க அடிக்கலை," என்றார் எஸ்தர்.

"அடிச்சேன்."

"அடிச்ச ஆள்கிட்ட நாய் இப்படி வந்து ஒட்டாதும்மா. அந்தக் கோடு சாயங்காலத்துல எப்ப ஏறத் தொடங்குது தெரியுமா? லிஃப்ட் கீழே கிளம்பறபோது. அப்ப அவர் இந்த வீட்டுலயே இல்லை. பயம் வர்றது உங்களுக்கு. உங்க வேர்வையில அது அந்த வாசனையைப் பிடிச்சுக்குது. நீங்க பயந்தா அதுவும் பயப்படுது. அவ்வளவுதான்."

சம்யுக்தா கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ரித்விக் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். புன்னகை செய்தான்.

"இதை ரிப்போர்ட்ல எழுத முடியுங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"முடியாது. எனக்கு அதிகாரம் நாய் மேல மட்டும்தான். மனுஷங்க பயத்துக்கு என் ஃபாரத்துல கட்டம் இல்லை. கோடு உங்க பேர்லதான் ஏறுது. மிஷின் கணக்குல நீங்கதான் அச்சமூட்டுநர்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க சொன்னது பொய்னு இப்ப மாத்திச் சொன்னா நான் மறுபடியும் பரிசோதனைக்குத் தேதி போட்டுட்டுப் போயிருவேன். நீங்க இங்கேயே இருப்பீங்க. மாத்தலைன்னா, இப்பவே என்கூட வண்டியில வரணும். வேற ஊர்ல அரசாங்க விடுதி இருக்கு. எங்கே இருக்கீங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டோம்."

"அம்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டீங்களா?"

"மாட்டோம். முன்னாடி சிலரோட விலாசம் தெரிஞ்சுபோய், நாய் மேல பிரியம் வச்சவங்க கூட்டமாப் போய் அடிச்சிட்டாங்க. அதுலேர்ந்து விலாசத்தை ரகசியமா வச்சிருக்கோம். நாயோட உரிமையாளருக்கும் சொல்லக் கூடாது."

சம்யுக்தா முந்திரியின் தலையில் கை வைத்தாள். "இதை இவர்கிட்ட விட்டுட்டுப் போறதா?"

"பட்டை கழுத்துலயே இருக்கும். அதுக்கு ஒண்ணு ஆனா எனக்குத் தெரியும். அதைக் காப்பாத்த என்கிட்ட சட்டம் இருக்கு. உங்களுக்கு இப்போதைக்கு இந்த வழி ஒண்ணுதான்."

கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சம்யுக்தா மறுபடியும் சொன்னாள், "நான்தான் அடிச்சேன்." இந்த முறை குரல் உடைந்தது. ரித்விக் திருப்தியாகத் தலையசைத்தான். எஸ்தர் அவளுடைய மணிக்கட்டில் ஒரு வளையத்தை மாட்டி, கழற்ற முடியாதபடி அழுத்தி மூடினார். அந்த வளையம் நாய்க்குக் கூப்பிடு தூரத்தில் வந்தால் ஆபீசுக்கும் உரிமையாளருக்கும் தகவல் போகும், அது குற்றம், கோர்ட்டில் நிறுத்துவோம் என்று விளக்கினார்.

"எப்ப திரும்பி அனுப்புவீங்க?" என்று கேட்டான் ரித்விக்.

"நாய் உயிரோட இருக்கற வரைக்கும் வர முடியாதுங்க."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. முந்திரி லிஃப்ட் வரைக்கும் வந்தது. கதவு மூடும்போது முனகியது.

விடுதியில் அவளுக்கு ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் கிடைத்தன. உடன் இருந்தவர்களில் பலர் நிஜமாகவே நாயை அடித்தவர்கள். அவர்கள் அவளிடம், நீ எதில் அடித்தாய் என்று விசாரித்தார்கள். பெயர் இணையத்தில் வந்த அன்று அவளுடைய அண்ணன் போன் செய்தான். "வாயில்லா ஜீவனைப் போய் எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். வேலை கேட்டுப் போன இரண்டொரு இடத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விடுதிச் சமையலில் ஒத்தாசை செய்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னமும் கையில் இருப்பதைக் கீழே போட்டாள். விவாகரத்து சீக்கிரமே முடிந்தது. பிராணிவதை செய்யும் மனைவி என்றதும் அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை.

மாதாமாதம் எஸ்தர் அவளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதுவும் விதி.

"முந்திரி எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"நல்லா இருக்கு. கோடு தரையிலதான் இருக்கு. பயமே இல்லை. குரைக்கறதே இல்லையாம், கீழ்வீட்டுக்காரர் சந்தோஷமா இருக்காரு. உங்க வீட்டுக்காரருக்குக் குடியிருப்புல ரொம்ப நல்ல பேர்."

அதைக் கேட்க அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. அந்த நாயிடம் இருந்த பயம் முழுவதும் தன்னுடையதுதானா? அந்த வீட்டில் பயப்படத் தெரிந்த ஒரே ஜீவன் தான்தானா?

மழைக்காலம் வந்து போன பிறகு ஒருநாள் எஸ்தர் வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"கோடு மறுபடியும் ஏறுதும்மா," என்றார். "சாயங்காலத்துல. லிஃப்ட் கிளம்பற நேரத்துல."

சம்யுக்தா எழுந்துவிட்டாள். "யார் வந்திருக்காங்க?"

"தெரியலை. பதிவான ஆளைத்தான் பட்டை காட்டும். வேற ஒரு ஆள் இருக்காங்கன்னு மட்டும் தெரியுது."

"போய்ப் பாருங்க மேடம்."

"புகார் வராம நான் அந்தக் கதவைத் தட்ட முடியாது. புகாரும் வராது. குரைப்பை அடக்கற வசதி இப்ப பட்டையிலேயே வந்துருச்சு. உரிமையாளர் கேட்டாக் கொடுக்கணும். அவர் கேட்டு வாங்கிட்டார். நாய் வாயைத் திறந்தா தொண்டை மரத்துப்போகும், சத்தம் வராது."

"பதிவெல்லாம் உங்ககிட்ட இருக்கே. நான் இருந்தப்ப ஏறினது, நான் போனப்புறம் இறங்கினது, இப்ப திரும்ப ஏறறது. அதைப் பார்த்தா யாருக்கும் புரியாதா?"

"புரியும். எங்க ஆபீஸ்ல காட்டினா, நாய்க்குக் காயம் இல்லையேன்னு ஃபைலை மூடிருவாங்க. ஒரு ஜட்ஜ் கேட்டா நான் எல்லாத்தையும் கொண்டுபோய் வைப்பேன். ஆனா கேட்கறதுக்கு அங்கே ஒரு வழக்கு இருக்கணும்."

எஸ்தர் போனபிறகு சம்யுக்தா மணிக்கட்டு வளையத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மத்தியானச் சமையல் முடிந்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பழைய வீடு இருந்த கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு ஊரில் இறங்கித் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றாள். அந்த பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. அடுத்து வந்த கோவை பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

குடியிருப்பின் வாசலைத் தாண்டியபோதே வளையம் அதிரத் தொடங்கியது. லிஃப்ட்டில் ஏற ஏற அதிர்வு கூடியது. இந்நேரம் ஆபீசில் மணி அடித்திருக்கும். ரித்விக்கின் போனிலும் அடித்திருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவள் சின்னப் பெண். கழுத்தில் புதுத் தாலிச்சரடு. வீட்டுக்குள்ளேயும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காலருகில் முந்திரி நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சம்யுக்தாவைப் பார்த்ததும் அந்தப் பெண் நாயைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நீங்க... போட்டோல பார்த்திருக்கேன். நாயை ஒண்ணும் பண்ணீறாதீங்க அக்கா."

"பண்ண மாட்டேன்மா. உன் பேர் என்ன?"

"ஹரிணி."

முந்திரி அவள் பிடியிலிருந்து நழுவி வந்து சம்யுக்தாவின் கையை முகர்ந்தது, வாலை ஆட்டியது, உள்ளங்கையை நக்கியது. அவள் குனிந்து கட்டிக்கொள்ளப் போவதற்குள் திரும்பிப் போய் ஹரிணியின் காலோடு ஒட்டி நின்றுகொண்டது. அதன் உடம்பு நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"நான் நாயைப் பார்க்க வரலை," என்றாள் சம்யுக்தா. "இங்கே வந்தா என்னை கோர்ட்ல நிறுத்துவாங்க. அதுக்குத்தான் வந்தேன். ஏன் வந்தேன்னு அங்கே கேப்பாங்க. இந்த நாய் யாரோட பயத்தைச் சுமக்குதுன்னு நான் சொல்லுவேன். நீயும் வந்து சொன்னா நம்புவாங்க. நான் மட்டும் சொன்னா நம்பறது கஷ்டம்."

"எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லைங்க அக்கா," என்றாள் ஹரிணி வேகமாக. "அவர் என் மேல கை நீட்டினதே இல்லை. சத்தம்கூடப் போட மாட்டாரு."

"தெரியும்."

ஹரிணியின் வலது கை இடது முழங்கையின் உள்பக்கத்தைப் பொத்திக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. எஸ்தராக இருக்க வேண்டும் என்று சம்யுக்தா வேண்டிக்கொண்டாள். கதவு திறந்தது. ரித்விக் வந்தான். அவசரமாக வந்திருந்தாலும் சட்டை கசங்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபமே இல்லாத முகம்.

"வாங்க கண்ணு," என்றான் மெதுவாக. "வெளியில நிக்க வேண்டாம். உள்ள போயிப் பேசிக்கலாம்."

சம்யுக்தாவின் கால் ஓரடி எடுத்து வைத்தது. அவள் எடுத்து வைக்கச் சொல்லவில்லை, அதுவாகப் போனது. அதே நேரம் ஹரிணியின் காலும் உள்ளே ஓரடி போனது. யாரைக் கூப்பிட்டான் என்று இருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமே நகர்ந்திருந்தார்கள்.

ஹரிணி குனிந்து சம்யுக்தாவின் காலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. அப்புறம் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து, முந்திரியும் கூடவே வந்ததும் கதவை இழுத்துச் சாத்தினாள். அது தானாகப் பூட்டிக்கொண்டது.

"சாவி உள்ளே இருக்குங்க," என்றாள் ரித்விக்கிடம்.

அவன் அவளை நோக்கிக் கையை நீட்டினான். முழங்கைக்கு விரல் போய்ச் சேர்வதற்குள் லிஃப்ட் மறுபடி திறந்து எஸ்தரும் கூட இரண்டு காவலர்களும் வந்தார்கள். அவன் கையை இறக்கிக்கொண்டு, "நல்லவேளை வந்தீங்க மேடம்," என்றான்.

எஸ்தர் சம்யுக்தாவின் வளையத்தைச் சோதித்தார். "தடையை மீறி நாய்க்குப் பக்கத்துல வந்திருக்கீங்க. கோர்ட்டுக்கு வரணும்."

"வர்றேங்க."

"நானும் வர்றேங்க," என்றாள் ஹரிணி. "நான் சாட்சி."

"எதுக்குங்க கண்ணு உங்களுக்கு இந்த அலைச்சல்?" என்றான் ரித்விக். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. எஸ்தர் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். வழக்குக்கு உட்பட்ட நாயை ஆபீஸ் எடுத்துச் செல்லும் என்று மட்டும் அவனிடம் சொன்னார்.

காவலர்கள் அவனோடு அங்கேயே நின்றார்கள். ஹரிணி செருப்பில்லாமல் லிஃப்ட்டுக்குள் வந்தாள். மூன்று பெண்களுக்கும் நடுவில் முந்திரி நடுங்கிக்கொண்டே நின்றது. அது யாருடைய பயம் என்று எஸ்தர் திரையைத் திறந்து பார்க்கவில்லை.